ஒன்பதாவது கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள்: திருநர் இளையோரின் மனநலத்தை ஆராய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் திருநர் இளையோரின் மனநலத்தையும், ஆண் என்றோ பெண் என்றோ தம்மைச் சொல்லிக்கொள்ளாத இளையோரின் மனநலத்தையும், இவர்கள் சந்திக்கும் ஒதுக்குதலையும் ஆராயும் பல்கலைக்கழகத் துறையினருக்கும், மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களுக்கும், முனைவர் பட்ட மாணவர்களுக்கும், இந்தத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும்:

உங்கள் படிவங்கள் பெரும்பாலும், இந்த இளையோருக்குத் துணையாக நிற்கும் எங்களைப் போன்றவர்கள் வழியாகத்தான் அவர்களிடம் போய்ச் சேர்கின்றன. "உங்க குரூப்ல கொஞ்சம் ஷேர் பண்ணுங்க, பத்து நிமிஷம்தான்" என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் வரும். திறந்தால் முதல் கட்டத்திலேயே ஆதாரில் உள்ளபடி பெயர், அடுத்து கைபேசி எண், மாவட்டம். பிறகு குடும்பம், பள்ளி, அடி உதை, பாலியல் வன்முறை என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிப் பக்கத்தில், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் வந்தது என்று கேட்கிறீர்கள். பதிலைத் தட்டி அனுப்பியதும் "உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி வருகிறது. அதோடு சரி. இப்படிப்பட்ட படிவங்களின் தலைப்பிலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் இருக்கிறது. அதனால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறோம்.

ஆய்வு வேண்டாம் என்பது எங்கள் பேச்சு இல்லை. வீட்டிலும் வகுப்பிலும் விடுதியிலும் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதற்குத் தரவு இல்லாததாலேயே பல கோரிக்கைகள் அரசு மேசையில் தூங்குகின்றன. ஆனால் ஒதுக்குதலை அளக்க வரும் ஆய்வு, அளக்கும் நேரத்திலேயே ஒரு பிள்ளையை வீட்டில் காட்டிக்கொடுத்துவிட்டால், தற்கொலை எண்ணத்தைக் கிளறிவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டால், அது நடுநிலையான அளவீடு இல்லை. அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் நடந்த இன்னொரு பாதிப்பு அது.

முதலில், செத்துப்போகும் எண்ணத்தைப் பற்றிய அந்த ஒன்பதாவது கேள்வி.

மனச்சோர்வை அளக்க நீங்கள் அனைவரும் எடுப்பது பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய அளவு என்று வைத்துக்கொள்கிறீர்கள். ஒரு பிள்ளை ஒன்பதாவது கேள்விக்கு 'ஏறக்குறைய தினமும்' என்று 3 போட்டு, மற்றவற்றில் இரண்டுக்கு 1 வீதம் போட்டால் கூட்டுத்தொகை 5. உங்கள் அட்டவணையில் அது 'லேசான மனச்சோர்வு'. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கும் மென்பொருள் அந்தப் பிள்ளையைப் பார்க்கவே பார்க்காது. ஆகவே ஒன்பதாவது கேள்வியைத் தனியாக, உடனுக்குடன் படிக்க ஆள் வேண்டும். 1 என்று பதில் வந்தாலே அடுத்த அடி தொடங்க வேண்டும். தரவு சேகரிப்பு முடிந்து, எக்செல் தாளைச் சுத்தம் செய்யும்போதுதான் முதன்முதலாகத் திறந்து பார்ப்போம் என்றால் அந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டு எட்டுக் கேள்விகளோடு பயன்படுத்தும் வடிவமும் இருக்கிறது, ஆய்வுலகம் ஏற்றுக்கொண்டதுதான்.

கேள்வியை வைத்திருக்கத்தான் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னேற்பாடு இதுதான். கேள்விகள் தொடங்கும் முன்பே, "இந்தப் பதில்களைப் பார்த்து உங்கள் பாதுகாப்புப் பற்றிக் கவலை வந்தால் நாங்கள் தொடர்புகொள்ளலாமா, எந்த எண்ணில், எந்த நேரத்தில், எந்தப் பெயர் சொல்லி?" என்று கேட்டு வாங்குங்கள். பதில் வந்த அன்றே பேசுவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பணியில் இருக்க வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை இணைப்பை அனுப்பிவிட்டுத் திங்கள்கிழமை வந்து பார்க்கும் பழக்கம் உதவாது. பேசுபவர் நேரடியாகக் கேட்க வேண்டியவை நான்கு: இந்த எண்ணம் இப்போதும் இருக்கிறதா, எப்படிச் செய்வது என்று யோசித்ததுண்டா, முன்பு முயன்றதுண்டா, இன்று இரவு கூட இருக்க நம்பகமான ஆள் யார். நான்காவது கேள்விக்கு 'அம்மா' என்பதே பதிலாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நேரம் அது ஒரு தோழி, மூத்த திருநங்கை ஒருவர், கல்லூரி விடுதியில் அடுத்த அறைப் பையன்.

உதவி எண்ணைப் படிவத்தின் அடியில் அச்சிடுவதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். மத்திய அரசின் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டின் 104 இரண்டும் பயனுள்ளவை, கட்டாயம் அச்சிடுங்கள். ஆனால் வீட்டில் ஒரே கைபேசி, அழைப்புப் பட்டியலை அண்ணன் பார்ப்பான் என்ற நிலையில் இருக்கும் பிள்ளை அந்த எண்ணை அழுத்தாது. அழைத்தபின் பதிவை அழிக்கச் சொல்வதையும், வேறு கைபேசியிலிருந்து பேசலாம் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னால் போலீஸ் வரும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைச் சொல்லாமல் கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும். அதை நீங்கள் குறைந்த விகிதம் என்று எழுதிவிடுவீர்கள்.

யாரிடம் அனுப்புகிறீர்கள் என்பது அடுத்த சிக்கல். 'அருகிலுள்ள மனநல மருத்துவர்' என்று எழுதுவது பரிந்துரை ஆகாது. மாற்றச் சிகிச்சை என்ற பெயரில் பாலின அடையாளத்தைத் 'திருத்த' முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சுஷ்மா வழக்கில் தடுக்கச் சொன்னது. அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அறிவிப்பு வந்தாலும் எல்லா அறைக்குள்ளும் அது போய்ச் சேரவில்லை. ஆகவே பட்டியலில் ஒரு மருத்துவர் பெயரைச் சேர்க்கும் முன் அவரிடம் தொலைபேசியில் மூன்றைக் கேளுங்கள். 18 வயது முடிந்தவர் தனியாக வந்தால் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்வீர்களா? அவர் சொல்லும் பெயரிலேயே அழைப்பீர்களா, சீட்டில் அந்தப் பெயரைக் குறிக்க முடியுமா? மனச்சோர்வுக்கு வந்தவரிடம் பாலின அடையாளத்தை மாற்றிக்கொள்வது பற்றிப் பேசுவீர்களா? பதில் தெளிவாக வராதவர்களைப் பட்டியலில் வைக்காதீர்கள். அரசு மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவு எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு இயங்குகிறது என்பதையும் விசாரித்து எழுதுங்கள். திருப்பத்தூரில் இருக்கும் பிள்ளைக்குச் சென்னை முகவரியால் என்ன பயன்?

அளவுகோல்களின் மற்ற கேள்விகளிலும் ஓட்டை இருக்கிறது. தூக்கம், களைப்பு, பசி மூன்றும் மனச்சோர்வின் அறிகுறிகளாக எண்ணப்படுகின்றன. வளரிளம் திருநம்பி (பெண் என்று பதிவாகி, தன்னை ஆணாக உணர்பவர்) ஒருவர் இடுப்பும் மார்பும் வளரக் கூடாது என்று சாப்பாட்டைக் குறைத்திருக்கலாம். இளம் திருநங்கை மருத்துவர் இல்லாமலே கருத்தடை மாத்திரைகளை ஹார்மோனாக விழுங்கிக்கொண்டிருக்கலாம், அதிலேயே குமட்டலும் மனநிலை ஏற்ற இறக்கமும் வரும். இரவில் வேலைக்குப் போகிறவர் பகலில் தூங்குகிறார். பதற்றத்தை அளக்க மூச்சுத் திணறலையும் நெஞ்சு இறுக்கத்தையும் கேட்கும் அளவுகோல்களை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். மார்பை கிரேப் பேண்டேஜால் நாள் முழுக்கச் சுற்றிக் கட்டியிருப்பவருக்கு அந்த இரண்டுமே உடலிலிருந்து வருகின்றன. அந்தப் பேண்டேஜ் அசைய அசைய இறுகும், விலா எலும்பை நோகடிக்கும். ஆகவே அளவுகோலுக்கு முன்னால் நான்கு எளிய கேள்விகளைச் சேருங்கள்: மார்பைக் கட்டுகிறீர்களா (எதைக்கொண்டு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம்), ஹார்மோன் எடுக்கிறீர்களா (எது, யார் சொல்லி), வேலை நேரம் என்ன, உடல் தோற்றத்துக்காகச் சாப்பாட்டைக் குறைத்ததுண்டா. இது இல்லாமல் வரும் 'பாதிப்பேருக்குக் கடும் மனச்சோர்வு' என்ற முடிவில் எவ்வளவு மனம், எவ்வளவு பேண்டேஜ் என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கதைக்கு வருவோம். இங்கேதான் மிகப் பெரிய சேதம் நடக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவும் பிள்ளையிடம் வாங்கச் சொல்கின்றன. அத்தோடு பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்புதலும் வேண்டும். மற்ற ஆய்வுகளுக்கு இது நல்ல காவல். ஒரு 16 வயதுத் திருநம்பியிடம் "அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவா" என்று 'திருநர் இளையோர் மனநலம்' என்று தலைப்பிட்ட தாளைக் கொடுத்தால், அந்தத் தாளே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. அதன்பின் நடப்பது எங்களுக்கு மனப்பாடம்: கைபேசி பறிபோகும், வெளியே போவது நிற்கும், கோயிலுக்கும் மந்திரிப்பவரிடமும் கூட்டிப்போவார்கள், கல்லூரிக்குப் பதிலாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். இந்த நிலையில் வீட்டை விட்டு வெளியேறினாலும் போக இடமில்லை. 18 நிரம்பாதவரைச் சேர்த்துக்கொண்டால் கடத்தல் வழக்கு வரும் என்று, திருநங்கைகள் குடும்பம்போலச் சேர்ந்து வாழும் ஜமாத்தில் மூத்தவர்கள் தயங்குகிறார்கள். திருநர் உரிமைகள் பாதுகாப்புக்கென்று 2019இல் வந்த சட்டத்தின் 12ஆம் பிரிவே, நீதிமன்ற உத்தரவில்லாமல் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்றும், குடும்பத்தால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப உத்தரவிடும் என்றும்தான் சொல்கிறது. வீட்டுக்குள்ளே அடி என்றால் அதற்கு அதில் சுலபமான வழி இல்லை.

நெறிமுறைக் குழுக்கள் இதில் தப்பித்துக்கொள்ளும் விதம் ஒன்று உண்டு. 'பெற்றோர் ஒப்புதல் பெறப்படும்' என்ற வரி இருந்தால் கோப்பு நகர்ந்துவிடும். களத்தில் அது முடியாது என்று ஆய்வாளருக்கும் தெரியும், குழுவுக்கும் தெரியும். விளைவு, களப்பணியாளர் பிள்ளையிடம் "வயசு பதினெட்டுன்னு போட்டுக்கோ" என்கிறார். பிள்ளைக்கு இருந்த பாதுகாப்பும் போச்சு, உங்கள் தரவில் வயதும் பொய்யாச்சு. நேர்மையான வழி இரண்டு இருக்கின்றன. பெற்றோர் ஒப்புதலே தீங்கு விளைவிக்கும் என்பதைக் காரணங்களோடு எழுதி, அதற்கு விலக்குத் தருமாறு குழுவிடம் முறைப்படி கேளுங்கள். பெற்றோர் இடத்தில், ஆய்வுக் குழுவில் சம்பளம் வாங்காத, பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் ஒரு பெரியவர் உடன் இருந்து படிவத்தை விளக்கும் ஏற்பாட்டையும் அந்த விண்ணப்பத்திலேயே காட்டுங்கள். குழு மறுத்தால் 18 முதல் 24 வயதுவரை மட்டும் எடுத்து, பள்ளிக்காலத்தைத் திரும்பிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் தலைப்பில் 'வளரிளம் பருவத்தினர்' என்று போடாதீர்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்த எவரும் புகார் தர வேண்டும். தராவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. இது ஆய்வாளருக்கும் பொருந்தும். படிவத்தில் 'நீங்கள் சொல்வது முழுக்க ரகசியம்' என்று எழுதிவிட்டு, உள்ளே பாலியல் வன்முறை பற்றிக் கேட்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். 17 வயதுப் பிள்ளை தன் காதலனைப் பற்றிச் சொன்னாலே சட்டப்படி அது புகாராகலாம். எதைச் சொன்னால் ரகசியம் காக்க முடியாது என்பதை அந்தப் பகுதிக்குப் போகும் முன்பே, பேச்சுத் தமிழில் வாயால் சொல்லுங்கள். பதில் சொல்லாமல் தாண்டிப்போகும் பொத்தான் ஒவ்வொரு கேள்வியிலும் இருக்கட்டும். நட்சத்திரக்குறி போட்டுக் 'கட்டாயம்' ஆக்கிய கேள்விகள் இந்தத் தலைப்பில் இருக்கவே கூடாது.

யாரைக் கேட்கிறீர்கள் என்பதில் ஒரு பழைய வழக்கம் மாறவில்லை. சித்திரை மாதம் திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழாவுக்குப் போனால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கிடைப்பார்கள் என்று கணக்குப் போட்டு, கள்ளக்குறிச்சிக்கு வண்டி எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வந்தவர்களை நிறுத்தி மனச்சோர்வு அளப்பது ஒருபுறம் இருக்கட்டும். அங்கே வருபவர்கள் பெரும்பாலும் திருநங்கைகள், அதிலும் ஜமாத்தோடு இருப்பவர்கள். திருநம்பிகள் அங்கே மிகக் குறைவு. தன்னை இரண்டிலும் சேர்க்காத, பெற்றோருடன் கோயம்புத்தூரில் இருந்தபடி பொறியியல் படிக்கும் 19 வயதுக்காரர் அங்கே வரமாட்டார். தொண்டு நிறுவன அலுவலகத்துக்கும் வரமாட்டார், நல வாரிய அடையாள அட்டையும் வாங்கியிருக்க மாட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 22,364 பேரை 'மற்றவர்' என்று எண்ணியது. வீட்டுத் தலைவர் சொல்வதைக் கேட்டு எழுதிய கணக்கில் இந்தப் பிள்ளைகள் எப்படி வந்திருப்பார்கள்? அந்த எண்ணை வைத்து மாதிரி அளவு கணக்கிடுவதை நிறுத்துங்கள்.

ஒருவர் மூலம் இன்னொருவர் என்று சங்கிலியாகச் சேர்க்கும் முறையை எடுத்தால், ஒருவர் மூன்று பேரை மட்டுமே அழைக்கும்படி ஆளுக்கு மூன்று கூப்பன் போன்ற வரம்பைக் கட்டாயமாக்குங்கள், தொடங்கும் நபர்களை வெவ்வேறு வட்டங்களிலிருந்து எடுங்கள்: ஒரு ஜமாத் மகள், ஒரு கல்லூரி மாணவர், ஒரு திருநம்பி, வேலைக்குப் போகும் ஒருவர். இல்லாவிட்டால் ஜமாத்தில் ஒரே குருவின் சேலாக்களே (சீடர்களே) உங்கள் மாதிரி முழுக்க நிரம்பியிருப்பார்கள். குரு "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்று அனுப்பியவர்களின் சம்மதம் சம்மதமா என்பதும் கேள்விதான். குருவோ ஜமாத் அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நேர்காணல் எடுக்காதீர்கள். அவர்களுக்கு உரிய மரியாதையை முன்கூட்டியே போய்க் கொடுத்துவிட்டு, தனியாகப் பேச வேண்டியதன் காரணத்தை அவர்களிடமே சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பாலினக் கேள்வியை ஒரே வரியில் 'ஆண் / பெண் / மூன்றாம் பாலினம்' என்று முடிக்காதீர்கள். பிறந்தபோது என்ன எழுதினார்கள், இப்போது உங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள் என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டாவதில் எழுதிக்கொள்ள வெற்றிடம் விடுங்கள். பிறகு பகுப்பாய்வில் எண்ணிக்கை குறைவு என்று எல்லோரையும் 'திருநர்' என்று ஒரே கூடையில் கொட்டாதீர்கள். குறைவாக இருந்தால் குறைவு என்றே எழுதுங்கள். சிறு எண்ணிக்கையோடு வந்த தனி அட்டவணை, பெரிய எண்ணிக்கையில் மறைந்த தவறான சராசரியைவிட எங்களுக்கு உதவும்.

மனநல மருத்துவமனையிலேயே ஆள் சேர்ப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். பாலினத்தை உறுதிசெய்யும் அறுவை சிகிச்சைக்கு முன் மனநல மருத்துவரின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தைத் தரும் மருத்துவரே ஆய்வுப் படிவத்தையும் நீட்டினால் யார் மறுப்பார்கள்? பதிலும் உண்மையாக வராது. சோகமாக இருக்கிறேன் என்றால் கடிதம் தள்ளிப்போகும் என்று பயந்து நன்றாக இருப்பதாகச் சொல்வார்கள். இல்லையென்றால், வேதனையைக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று கூட்டிச் சொல்வார்கள். இரண்டும் நடக்கும், எது எது என்று உங்களுக்குத் தெரியாது. சிகிச்சை தருபவரும் ஆய்வு செய்பவரும் வேறு வேறு ஆளாக, வேறு வேறு அறையில் இருக்க வேண்டும். படிவம் நிரப்பியதும் நிரப்பாததும் மருத்துவருக்குத் தெரியவே கூடாது.

ரகசியம் காப்பது பற்றி உங்கள் முன்மொழிவுகளில் அழகான பத்திகள் இருக்கும்: கடவுச்சொல் இட்ட கோப்பு, பூட்டிய அலமாரி. கசிவு நடப்பது வேறு இடத்தில். பங்கேற்றவருக்குத் தரும் சிறு தொகையை ஜிபே வழியாக அனுப்புகிறீர்கள். அனுப்பும் பணியாளர் திரையில் பங்கேற்றவரின் வங்கிப் பெயர் தெரிகிறது. பங்கேற்றவர் பக்கத்திலோ ஆய்வுத் திட்டத்தின் பெயர் பரிவர்த்தனைப் பட்டியலில் நிற்கிறது. அதை அப்பா பார்க்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால், கணக்குப் பிரிவு கையெழுத்திட்ட ரசீதும் ஆதார் நகலும் கேட்கிறது. அப்படிப் பெயர் நீக்கிய தரவு ஒரு அலமாரியிலும், பங்கேற்ற எல்லோருடைய ஆதார் நகலும் தணிக்கைக்காக இன்னொரு அலமாரியிலும் வருடக்கணக்கில் கிடக்கும். இதற்குத் தீர்வு சிரமமானது இல்லை. திட்டம் தொடங்கும் முன்பே நிதி அலுவலரிடம் பேசி, குறியீட்டு எண் மட்டும் உள்ள ரசீதுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கல்விக்கூடங்கள் இதைத் தர மறுத்தால், அதை நெறிமுறைக் குழு தலையிட்டுத் தீர்க்க வேண்டும். ஒப்புதல் படிவத்திலும் சட்டப் பெயர்க் கையெழுத்துக்குப் பதில் சாட்சியோடு வாய்மொழிச் சம்மதம் போதும் என்று கேட்டு வாங்குங்கள்.

செய்தி அனுப்பும்போது பூட்டுத் திரையில் முதல் வரி தெரியும் என்பதை மறக்காதீர்கள். 'திருநர் ஆய்வு நேர்காணல் நாளை 4 மணி' என்ற ஒரு வரி போதும், ஒரு வீட்டில் பூகம்பம் வர. தொலைபேசியில் அழைத்தால் எடுப்பவர் வேறொருவராக இருந்தால் என்ன சொல்வது என்பதை முன்பே பங்கேற்பவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதும்போது '20 வயது, திருநம்பி, தேனி மாவட்டம், அப்பா காவலர், தனியார் கல்லூரியில் நர்சிங்' என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் ஊரில் அவரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. மாவட்டத்தை மண்டலமாக்குங்கள், வயதை இடைவெளியாக்குங்கள், அப்பாவின் வேலையை நீக்குங்கள்.

நீங்கள் களத்துக்கு அனுப்பும் திருநர் களப்பணியாளரைப் பற்றியும் பேச வேண்டும். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஒரே நாளில் ஆறேழு பேரின் வன்முறைக் கதைகளைக் கேட்க வைக்கிறீர்கள். அவர் கேட்பது அவர் வாழ்ந்த கதையே. மறுநாள் கதை சொன்ன பிள்ளை அவருக்குத்தான் இரவு இரண்டு மணிக்கு அழைக்கிறது, உங்களுக்கு இல்லை. நாளொன்றுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று நேர்காணல், மாதச் சம்பளம், வாரம் ஒரு முறை ஆய்வுக்கு வெளியே உள்ள மனநல ஆலோசகருடன் பேச நேரம். இவற்றை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதாமல் 'சமூகப் பங்கேற்பு' என்று எழுதாதீர்கள். கேள்விகளைத் திருத்தி, ஆள் சேர்த்து, பதிலுக்குப் பொருள் சொன்னவர் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் வர வேண்டியவர், நன்றியுரையில் இல்லை.

இன்னொரு குறை அடித்தளத்திலேயே இருக்கிறது. ஒதுக்குதலை ஆராய்கிறோம் என்கிறீர்கள், ஒதுக்கப்படுபவரிடம் மட்டுமே படிவம் நீட்டுகிறீர்கள். ஒதுக்குபவரிடம் யாரும் போவதில்லை. முடியை வெட்டிவிட்டு வா என்று வாசலில் நிறுத்தும் உடற்கல்வி ஆசிரியர், எந்தக் கழிப்பறை என்று முடிவெடுக்காத தலைமையாசிரியர், அதனால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளை, வீடு தர மறுக்கும் உரிமையாளர், புகாரை வாங்காத காவல் நிலையம். இதில் நடுவில் நிற்கும் ஒருவரை மட்டும் அளந்தால் முடிவில் கிடைப்பது 'இவர்களிடம் மனச்சோர்வு அதிகம்' என்ற வரிதான். நாளிதழில் அது 'திருநர்களுக்கு மனநோய்' என்று மாறி வரும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11, 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பாலின இணக்கமின்மையை மனநலக் கோளாறுகளின் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. உங்கள் முன்னுரைகள் சிலவற்றில் பழைய 'கோளாறு' இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மத்திய அரசின் பள்ளிக் கல்வி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2021இல் திருநர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு போட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்தக் கையேடு சொன்னபடி நடக்கும் பள்ளிக்கும் நடக்காத பள்ளிக்கும் பிள்ளைகளின் வருகைப் பதிவில், படிப்பைப் பாதியில் விடுவதில் என்ன வித்தியாசம் என்று அளக்க முன்வாருங்கள். அந்தத் தரவைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் கல்வித் துறையோடு வாதாட முடியும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

ஆய்வாளர்களே, ஒன்பதாவது கேள்விக்கு அன்றே பதில் சொல்லும் ஆளின் பணிநேர அட்டவணையும், முன்கூட்டியே விசாரித்த மருத்துவர் பட்டியலும் தயாராகாமல் படிவத்தை எங்கும் பரப்பாதீர்கள். ஆள் சேர்க்கும் முன் கேள்விகளை ஐந்தாறு இளையோரிடம் வாய்விட்டுப் படித்துக்காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதைச் சொல்லச் சொல்லித் திருத்துங்கள். அதற்கும் பணம் கொடுங்கள். முடிவுகளை ஆய்விதழுக்கு அனுப்பும்போதே தமிழில் இரண்டு பக்கமும், படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒரு குரல் பதிவும் தயாரித்துப் பங்கேற்றவர்களிடம் தாருங்கள்.

நெறிமுறைக் குழுக்களே, இந்தத் தலைப்பில் வரும் எந்தத் திட்டத்தையும் திருநர் ஒருவரேனும் கூடத்தில் அமர்ந்து, வாக்கோடு கருத்துச் சொல்லாமல் முடிவு செய்யாதீர்கள். 'பெற்றோர் ஒப்புதல் பெறப்படும்' என்ற வரியைப் பார்த்தால், பெறும்போது பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் கொடுத்தபின் இடையில் ஒருமுறையாவது களத்தைப் போய்ப் பாருங்கள். புகார் சொல்ல உங்கள் எண்ணைத் தமிழில், படிவத்தின் முதல் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

நிதி தருபவர்களே, ஆலோசகர் கட்டணம், களப்பணியாளர் சம்பளம், பங்கேற்றவரின் பயணச் செலவு மூன்றுக்கும் தனித் தலைப்பில் தொகை இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இனி எங்கள் குழுக்களில் பகிரச் சொல்லி வரும் படிவத்தோடு நான்கு தாள்கள் இணைந்திருக்க வேண்டும்: ஒப்புதல் கடிதம், தற்கொலை எண்ணம் தெரியவந்தால் செய்யப்போவதன் படிநிலை, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான ஏற்பாடு, தொகை கொடுக்கும் முறை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் படிவத்தைப் பகிரமாட்டோம். என்ன குறைகிறது என்று எழுதி உங்களுக்கும், ஒப்புதல் தந்த குழுவுக்கும் சேர்த்தே பதில் அனுப்புவோம்.

இப்படிக்கு,
திருநர் இளையோருக்கான சகதுணைப் பணியில் இருப்பவர்கள்,
தமிழ்நாடு